'ஆமாம் சாக்ரடீஸ்'ல எத்தனை ஆமாம்? பிளேட்டோவை கிரேக்கத்திலேயே படிக்க ஆசைப்படுறவங்களுக்கு ஒரு வழித்துணை!

இன்ஸ்டாவைத் திறந்தால் அரிஸ்டாட்டில் அட்வைஸ் செய்கிறார். அடுத்த ரீலில் மார்கஸ் அரேலியஸ் பின்னணி இசையோடு வந்து, சீக்கிரம் எழுந்து வேலையைப் பார்க்கச் சொல்கிறார். தத்துவத்துக்கு இப்போ நல்ல சீசன்தான்!

ஆனால், ஒரு சின்ன சிக்கல். பழக்கத்தையும் மேன்மையையும் முடிச்சுப் போட்டு அரிஸ்டாட்டில் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பிரபல வாசகத்தை எழுதியது அரிஸ்டாட்டில் இல்லை. வில் டியூரன்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர், 1926-ல் வெளியான 'தத்துவத்தின் கதை' புத்தகத்தில் அரிஸ்டாட்டிலை விளக்கும்போது எழுதிய சொந்த வரி அது. போட்டோ அரிஸ்டாட்டிலுக்கு, வார்த்தை டியூரன்டுக்கு!

'அப்போ அவங்க நிஜமாவே என்னதான் சொன்னாங்க?' என்று கிளம்புகிறவர்களில் சிலர், பழைய கிரேக்க மொழியையே கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுத்து, வேற்றுமை, வினைச்சொல் அட்டவணை என்று ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஓடுகிறது. பாடப்புத்தகமும் முடிகிறது. அடுத்து ஆசையாக பிளேட்டோவைத் திறந்தால்... முதல் பக்கத்திலேயே முட்டுச்சுவர்!

இந்தக் கட்டுரை அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கானது. அங்கே இன்னும் வந்து சேராதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஏறத் தோன்றும்?

சுவர் எங்கே இருக்கு?

'அதெனாஸே' என்று ஒரு பிரபலமான கிரேக்கப் பாடப்புத்தகம். அதில் டிகையோபோலிஸ் என்ற விவசாயி மாடு ஓட்டுவார், கல் சுமப்பார், வேலைக்காரனைத் திட்டுவார். எல்லாமே குட்டி வாக்கியங்கள். அதைப் படித்து முடித்தவர் பிளேட்டோவுக்கு வந்தால், ஒரே வாக்கியம் எட்டு வரிக்கு ஓடுகிறது. வார்த்தைகளில் பாதி தெரிந்ததுதான். இலக்கணமும் படித்ததுதான். இருந்தும் மொத்தமாகச் சேர்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. நிறைய பேர் புத்தகத்தை மூடி வைப்பது இந்த இடத்தில்தான். 'நமக்கு இது வராது போல' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உண்மையில் அவர்களைத் தடுக்கிறது 'ஆன்மா', 'அறம்', 'உண்மை' மாதிரி பெரிய வார்த்தைகள் இல்லை. அவை ஒவ்வொரு பக்கத்திலும் வந்து மனப்பாடம் ஆகிவிடும். தடுக்கிறது ரெண்டு விஷயம். ஒன்று, தப்பான புத்தகத்தில் ஆரம்பிப்பது. இன்னொன்று, ரெண்டு எழுத்து, மூணு எழுத்து குட்டிச் சொற்களைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவது.

முதலில் எதைப் படிக்கலாம்?

'பிளேட்டோன்னா குடியரசு' என்று நேராக அதில் குதிக்காதீர்கள். அது 10 பாகம். 'விருந்து' கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால், முழு நூலும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லும் கதை. நாம் 'வந்தாராம், சொன்னாராம், சிரிச்சாராம்' என்று ஒரு 'ஆம்' போட்டு முடித்துவிடுவதை, கிரேக்கம் வினையின் வடிவத்தையே மாற்றி, பக்கம் பக்கமாக நீட்டும். முதல் புத்தகத்துக்கு அது வேண்டாம். அரிஸ்டாட்டில் இன்னும் கடினம். அவருடைய நூல்களாக நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் வகுப்புக் குறிப்பு போல சுருக்கமானவை. பாதி விஷயத்தை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால் 'கிரிட்டோ'தான் சரியான ஆரம்பம். கிட்டத்தட்ட 4,000 வார்த்தைதான். ஒரே அறை, ரெண்டே பேர். கி.மு. 399. மரண தண்டனை விதிக்கப்பட்ட சாக்ரடீஸ் ஏதென்ஸ் சிறையில் இருக்கிறார். டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பி வரும்வரை யாரையும் கொல்லக் கூடாது என்பது ஊர் விதி. அந்தக் கப்பல் வரப்போகிறது. விடிவதற்கு முன் பழைய நண்பர் கிரிட்டோ சிறைக்குள் வந்து, நிம்மதியாகத் தூங்கும் சாக்ரடீஸை எழுப்ப மனசு வராமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தப்பித்துப் போக எல்லா ஏற்பாடும் ரெடி. பணம் இருக்கிறது, தெசலியில் அடைக்கலம் தர ஆள் இருக்கிறார்கள். சாக்ரடீஸ் 'சரி' என்றால் போதும்.

தூக்கம், விடியல், கப்பல், பணம், பிள்ளைகள், நண்பர்கள் என எல்லாம் அன்றாட வார்த்தைகள். பேச்சும் ரெண்டு வயசானவர்கள் பேசிக்கொள்கிற பேச்சு. அதற்குள் வாழ்வா சாவா என்கிற விவாதம். ஆரம்பிக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

'நாலு பேர் என்ன சொல்வாங்க?'

கிரிட்டோவின் முதல் கவலை நமக்கு ரொம்பப் பழக்கமானது. சாக்ரடீஸ் செத்துப்போனால் ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? 'நண்பனைக் காப்பாத்த வசதி இருந்தும் காசைப் பார்த்துட்டான்யா' என்றுதானே பேசுவார்கள்? அந்த 'நாலு பேரு'க்குக் கிரேக்கத்தில் 'ஹொய் பொல்லோய்'. நேர்ப் பொருள் 'பலர்'.

இங்கே மூலத்தில் மட்டும் கண்ணில் படுகிற ஒரு விஷயம் நடக்கிறது. கிரிட்டோ பயப்படுவது 'டாக்ஸா'வுக்கு. அந்தச் சொல்லுக்கு 'கருத்து' என்றும் பொருள், 'பெயர், மதிப்பு' என்றும் பொருள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஓர் இடத்தில் 'கருத்து' என்பதற்கான சொல்லைப் போடுவார், அடுத்த இடத்தில் 'நற்பெயர்' என்பதற்கான சொல்லைப் போடுவார். அவர் மேல் தப்பில்லை, அந்த மொழியில் அப்படித்தான் முடியும். ஆனால், படிக்கிறவருக்கு ரெண்டும் வேறு வேறு விஷயமாகத் தெரியும். கிரேக்கத்தில் அது ஒரே சொல். உன் நற்பெயர் என்பதே, அடுத்தவன் உன்னைப் பற்றி நினைக்கிறதுதான்!

இதோடு முடியவில்லை. டாக்ஸாவின் வேர் 'டொகெய்ன்' என்ற வினைச்சொல். 'தோன்றுதல்' என்று பொருள். கிரிட்டோ ஒரே வாக்கியத்தில் ரெண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார். சாக்ரடீஸ் என்ன செய்கிறார்? வாதத்தின் படிக்குப் படி நின்று, 'டொகெய் சொய்?' என்று கேட்கிறார். அதாவது, 'உனக்கு அப்படித் தோணுதா?' பலருக்குத் தோன்றுவதை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கும் மனிதரிடம், அதே வேர்ச்சொல்லை வைத்து, 'அது இருக்கட்டும், உனக்கு என்ன தோணுது?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். உடற்பயிற்சி செய்கிறவன் ஊரில் இருக்கிற எல்லோர் பேச்சையும் கேட்பானா, தன் பயிற்சியாளர் பேச்சைக் கேட்பானா என்று ஓர் உதாரணம் வேறு.

மொழிபெயர்ப்பில் இது 'நீ ஒப்புக்கொள்கிறாயா?' என்ற வெறும் சம்பிரதாயக் கேள்வியாகக் கடந்து போய்விடும். கிரேக்கத்தில், ரெண்டு மாத மாணவர்கூட பார்த்தவுடன் பிடித்துவிடக்கூடிய சொற்கள்தான் இவை!

குட்டிச் சொற்கள்... நம்ம ஊர் கை!

இப்போது அந்தக் குட்டிச் சொற்களுக்கு வருவோம். மென், டெ, கர், கெ, ஆரா, டே, ஊன்... கிரேக்க உரைநடை முழுக்க இவை எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கென்றே டெனிஸ்டன் என்ற அறிஞர் 1934-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் இரண்டாம் பதிப்பு 600 பக்கத்துக்கும் மேல்! ஆங்கிலத்தில் இவற்றுக்கு நேர்ச் சொல் பெரும்பாலும் இல்லை. அதனால் பாடப்புத்தகங்கள், 'ஒரு பக்கம்... இன்னொரு பக்கம்', 'உண்மையில்', 'நிச்சயமாக' என்று மரக்கட்டை மாதிரி பொருள் கொடுத்துவிடும். மாணவரும் 'சரி, இது முக்கியம் இல்லை போல' என்று தாண்டிவிடுவார்.

தமிழில் யோசித்துப் பாருங்கள். 'அண்ணன் என்னவோ டாக்டர். தம்பியோ சினிமா சினிமான்னு அலையறான்.' அந்த 'என்னவோ'தான் மென். தம்பியோடு ஒட்டியிருக்கும் 'ஓ'தான் டெ. 'நீயாவது சொல்லு' என்பதில் வரும் 'ஆவது' ஏறக்குறைய 'கெ'. 'மழை பெய்யுதுல்ல, அதான் வரலை' என்று காரணம் சொல்கிறோமே, அந்த வேலையைச் செய்வது 'கர்'. 'அட, அப்போ விஷயம் இதுதானா!' என்று திடீரென உறைக்கும் இடத்தில் 'ஆரா'. நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால், பேச்சின் குரலைச் சொல்லில் ஒட்டவைக்கிற பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. கிரேக்கம் படிக்கும் தமிழர் தலைக்குள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்தினால், இந்தக் குட்டிச் சொற்கள் பேச ஆரம்பித்துவிடும்.

வாக்கிய அமைப்பிலும் இதே கதைதான். கிரேக்கம் 'நகரத்தில் இருக்கிற மனிதன்' என்பதை, 'மனிதன்' என்ற சொல்லுக்கு முன்பாகவே எல்லா அடைமொழியையும் அடைத்து எழுதும். ஆங்கில மாணவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். நமக்கு அது பெயரெச்சம். எட்டு வரி வாக்கியம் எப்படி வருகிறது? 'வந்து, பார்த்து, யோசித்து, பணத்தைக் கொடுத்து...' என்று எச்சங்களாகக் கோத்து, ஒரே ஒரு முற்றுவினையில் கட்டுகிறார்கள். 'பொழுது விடிய, அவர்கள் கிளம்பினார்கள்' என்பதில் உள்ள 'விடிய' மாதிரிக்கூட தனி அமைப்பு உண்டு. ஆகவே நீளமான வாக்கியத்தைப் பார்த்தால், முதலில் முற்றுவினையைத் தேடிப் பிடியுங்கள். மற்றவை தானாக வந்து சேரும்.

ஒரு குட்டி எச்சரிக்கை. 'ஊகூன்' என்று ஒரு சொல். அழுத்தக் குறி இரண்டாவது அசையில் இருந்தால், 'அப்படின்னா...' என்று பொருள். முதல் அசையில் இருந்தால், 'அப்படி இல்லையே' என்று மறுப்பு! எழுத்துகள் அதேதான். அழுத்தக் குறிகளைப் பார்க்காமல் படிக்கிறவர்கள் சாக்ரடீஸைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் போதும்.

ஆமாவில் எத்தனை ஆமாம்!

பிளேட்டோவை மொழிபெயர்ப்பில் படித்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார் ஒன்று உண்டு. 'சாக்ரடீஸ் பேசிட்டே இருக்கார், எதிர்ல இருக்கறவன் ஆமாம் சாமி போட்டுட்டே இருக்கான்.' மூலத்துக்கு வந்து பாருங்கள். 'நை' என்றால் வெறும் ஆமாம். 'பனு கெ' என்றால் நிச்சயமா. 'ஃபைனெட்டாய்' என்றால், 'அப்படித்தான் தெரியுது'. 'எஒய்கென்' என்றால், 'போலிருக்கு'. 'அனாங்கே' என்றால், 'வேற வழியில்ல, அப்படித்தான் இருந்தாகணும்'. 'போஸ் கர் ஊ' என்பதற்குத் தமிழில் ஒரே வார்த்தை போதும்: 'பின்ன!'

ஒருவர் 'நிச்சயமா'வில் இருந்து 'போலிருக்கு'க்கு இறங்கினால், அவருக்கு எங்கேயோ உதைக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை என்று அர்த்தம். 'குடியரசு' முதல் பாகத்தில் திராசிமாக்கஸ் என்று ஒரு கோபக்கார ஆசாமி. வாதத்தில் தோற்கத் தோற்க, வெயில் காலத்தில் வியர்த்து ஊற்றி, முகம் சிவந்து போகிறார். அதன்பிறகு, கதை சொல்லும் கிழவிக்கு 'உம்' கொட்டுவது போல உனக்கும் கொட்டுகிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். அதற்குப்பின் வரும் அவருடைய ஒவ்வோர் ஆமாமும் சம்மதமா, சலிப்பா? வாதம் ஜெயித்ததா, ஆள் விலகிக்கொண்டாரா? இது சும்மா ரசனை விஷயம் இல்லை, தத்துவத்தின் மையக் கேள்வி. அதற்கான தடயம் முழுக்க இந்த ஒற்றைச் சொல் பதில்களில்தான் கிடக்கிறது.

தமிழ் கைகொடுக்கும் இன்னோர் இடம்

'யூதிஃப்ரோ' என்ற சின்ன உரையாடல். தன் சொந்த அப்பா மேலேயே கொலை வழக்குப் போட வந்திருக்கும் ஒருவர், புனிதம் எது என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்கிறார். தெய்வங்கள் நேசிப்பதே புனிதம் என்கிறார். சாக்ரடீஸின் கேள்வி: தெய்வங்கள் நேசிப்பதால் அது புனிதமா, புனிதமாக இருப்பதால் நேசிக்கிறார்களா?

இதை விளக்க அவர் 'சுமத்தல்' என்ற வினையை எடுக்கிறார். 'ஃபெரெட்டாய்', 'ஃபெரோமெனோன்' என்று ரெண்டு வடிவம். ஆங்கிலத்தில் ரெண்டையும் இயல்பாகச் சொன்னால் ஒரே மாதிரிதான் வந்து விழும். அதனால் அந்தப் பக்கம் மொழிபெயர்ப்பில் 'சுமக்கப்படுவதால் சுமக்கப்படுகிறது' என்று கிறுக்குத்தனமாகத் தெரியும், அல்லது மொழிபெயர்ப்பாளர் எதையாவது செயற்கையாகச் செய்து சமாளிக்க வேண்டும். தமிழில் பாருங்கள். முதலாவது, 'சுமக்கப்படுகிறது'. அது நடக்கும் செயல். இரண்டாவது, 'சுமக்கப்படுவது'. அது ஒரு பொருளின் நிலை. ஒரு பெட்டியை யாரோ சுமக்கிறார், ஆகவே அது 'சுமக்கப்படுவது' ஆகிறது. அது ஏற்கெனவே 'சுமக்கப்படுவது' என்பதற்காக யாரும் வந்து அதைச் சுமப்பதில்லை. அதேபோல, தெய்வங்கள் நேசிப்பதால்தான் ஒன்று 'நேசிக்கப்படுவது' ஆகிறது. ஆனால் யூதிஃப்ரோவோ, புனிதமாக இருப்பதால்தான் அதை நேசிக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அப்படியானால் 'புனிதம்' என்பதும் 'தெய்வங்களால் நேசிக்கப்படுவது' என்பதும் ஒன்றாக இருக்க முடியாது. ஆட்டம் குளோஸ்!

ஆங்கில உரைகள் பத்தி பத்தியாகப் போராடும் இடம் இது. கிரேக்க இலக்கணமும் தமிழ் இலக்கணமும் தெரிந்தவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

கையில் போன் இருக்கே!

'அகராதியைப் புரட்டியே பாதி ஆயுள் போச்சு' என்பது பழைய தலைமுறை. லிடெல்-ஸ்காட் கிரேக்க அகராதி 1843-ல் முதலில் வந்தது. அந்த லிடெலின் மகள்தான், லூயிஸ் கரோலின் 'ஆலிஸி'ன் கதை பிறக்கக் காரணமான சிறுமி ஆலிஸ் என்பது ஒரு சுவாரஸ்யத் தகவல். இன்று அதே அகராதியை சிகாகோ பல்கலைக்கழகத்தின் 'லோகியோன்' தளத்தில் போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் 'பெர்சியஸ்' தளத்தில் மூல உரையின் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அதன் இலக்கணம் வந்து நிற்கும்.

வசதிதான். ஆனால், ஆபத்தும் அங்கேதான். தெரிந்த சொல்லையும் கட்டைவிரல் தானாகப் போய்த் தட்டும். பத்து நிமிஷத்தில் ஒரு பத்தி 'முடிந்துவிடும்', மனசில் ஒன்றும் நிற்காது. தட்டுவதற்கு முன் ஒரு ஊகம் சொல்லிவிட வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு ரூல் போட்டுக்கொள்ளுங்கள். 'இது வினையா, பெயரா? என்ன வேற்றுமை?' ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. தப்பான ஊகத்துக்குப் பின் பார்க்கும் விடை மறக்காது.

இதைவிட நல்ல துணை, மாணவர்களுக்கென்றே எழுதப்பட்ட குறிப்புரைகள். ஜெஃப்ரி ஸ்டெட்மன் வெளியிடும் பதிப்புகளில், உரைக்குப் பக்கத்திலேயே அருஞ்சொல் பொருளும் இலக்கணக் குறிப்பும் இருக்கும். பிடிஎஃப் இலவசம். பிரின் மார் வரிசையில் கில்பர்ட் ரோஸ் எழுதிய 'கிரிட்டோ' குறிப்புரை மெலிசான புத்தகம், தேவையான அளவுக்கு மட்டும் பேசும். ஜான் பர்னெட்டின் 1924-ம் வருஷப் பதிப்பு கெட்டியானது. இரண்டாம் முறை வாசிக்கும்போது எடுத்தால் போதும்.

மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக. லோப் வரிசையின் பச்சை அட்டைப் புத்தகங்களில் இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம். அதைக் 'காப்பி அடிக்கிறது' என்று சொல்லும் கறார் ஆசாமிகளை நான் நம்புவதில்லை. ஆனால், வரிசை முக்கியம். முதலில் அன்றைய பகுதியை மொழிபெயர்ப்பில் படித்து, கதை எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு, அதை மூடிவிட்டுக் கிரேக்கத்துக்கு வாருங்கள். கண் வலமும் இடமும் ஆடிக்கொண்டே இருந்தால், படித்தது ஆங்கிலம்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

பிளேட்டோவின் எந்தப் பதிப்பைத் திறந்தாலும் ஓரத்தில் 43a, 43b என்று எண்கள் இருக்கும். 1578-ல் ஜெனீவாவில் ஆன்ரி எஸ்தியென் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்கள் அவை. அவருடைய லத்தீன் பெயர் ஸ்டெஃபானஸ் என்பதால், ஸ்டெஃபானஸ் எண் என்பார்கள். 450 வருஷத்துக்கு முந்தைய பக்க எண்ணை வைத்துத்தான் இன்றும் உலகம் முழுக்க ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள்!

'கிரிட்டோ' 43a-வில் தொடங்கி 54e-யில் முடிகிறது. சுமார் 60 துண்டுகள். ஒரு துண்டு ஏறக்குறைய 70 வார்த்தை. ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்றால் ரெண்டே மாதம். முதல் வாரம் ஒரு துண்டுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். பயப்பட வேண்டாம், ஒரே ஆசிரியர், ஒரே சூழல் என்பதால் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். தினமும் புதுத் துண்டுக்குப் போகும் முன், நேற்றையதை எந்த உதவியும் இல்லாமல், வாய்விட்டு ஒருமுறை படித்துவிடுங்கள். இது நாடகம் மாதிரி எழுதப்பட்ட உரையாடல். காதில் விழுந்தால்தான் 'ஆவது'வும் 'ஓ'வும் உறைக்கும்.

அதற்கப்புறம் 'யூதிஃப்ரோ', பிறகு சாக்ரடீஸின் நீதிமன்ற உரையான 'அப்பாலஜி', பிறகு 'குடியரசு' முதல் பாகம். ஸ்டோயிக் ரீல்ஸ் பார்த்து இந்தப் பக்கம் வந்தவர்கள் நடுவில் எபிக்டெட்டஸின் 'என்கெய்ரிடியோன்' படிக்கலாம். அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸ் பேசியதை மாணவர் அர்ரியன் எழுதி வைத்தது. குட்டிக் குட்டி அத்தியாயம், எளிமையான பிற்காலக் கிரேக்கம். அதில் அடிக்கடி வரும் 'டாக்மா' என்ற சொல்லைப் பார்த்ததும் உங்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம் காத்திருக்கிறது. அதுவும் 'டொகெய்ன்' குடும்பம்தான்!

அரிஸ்டாட்டில்? 'குடியரசு' முதல் பாகத்தை முடித்தபின் வாருங்கள். அங்கே 'தொ டி ஏன் எய்னாய்' என்று ஒரு தொடர் உங்களை வரவேற்கும். ஆங்கில நூல்களில் 'சாரம்' என்ற பொருள்படும் ஒற்றைச் சொல்லாக அது வழவழப்பாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'அது-என்னவாக-இருந்தது-என்பது'. 'இருந்தது' என்று ஏன் இறந்தகாலத்தில் போட்டார்? அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.